பன்னிரண்டாவது தலைமாறி

"இதைத் தப்பா அடிச்சவரை யாராவது திட்டினாங்களாப்பா?"

மகள் இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. அப்பாவின் மடியில் உட்கார்ந்து, அவருடைய லென்ஸைத் தன் கண்ணில் பொருத்திக்கொண்டு, மேஜையில் கிடந்த ஒற்றைக் காசைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் 'ஒன்று' என்ற எண். திருப்பினால் கப்பல். ஒன்றின் பின்னால் இருக்க வேண்டியது நெற்கதிர். கப்பல் இரண்டுக்கு உரியது. அந்த வருஷம் ஒன்றும் இரண்டும் ஒரே உலோகம், ஒரே அகலம். அதனால்தான் இப்படியொரு பிழை பிறக்க முடிந்தது. பிழைக் காசு தேடுகிறவர்கள் இந்த வகைக்குத் 'தலைமாறி' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"அவருக்கு என்னடா கண்ணு, சம்பளத்தை வாங்கிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்" என்றார் அப்பா. பிள்ளை அதோடு விட்டுவிட்டாள். அவரும் விட்டுவிட்டார்.

பேருந்துப் பணிமனையில் சில்லறை எண்ணும் அறையில் அவருக்கு வேலை. நடத்துநர்கள் கொண்டுவரும் பைகளைக் கவிழ்த்து, பிரித்து, எண்ணி, மூட்டை கட்ட வேண்டும். முப்பது வருஷமாகக் காசுக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்தவர், சும்மா எண்ணாமல் பார்த்துக்கொண்டே எண்ணினார். ஓரம் நகர்ந்து அடிபட்டது, விளிம்பில் கடிபட்ட மாதிரி குறைந்தது, ஒரு பக்கம் மொழுக்கென்று ஒன்றுமே பதியாதது என்று பிழையான காசுகள் அவர் விரலுக்குத் தானாகத் தட்டுப்பட்டன. பிழைக் காசு கிடைத்தால், கண்காணிப்பாளர் முன்னால் தன் பையிலிருந்து அதே மதிப்புக்கு ஒரு காசைப் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ளலாம் என்பது அந்த அறையின் வழக்கம். தலைமாறி கிடைத்த அன்று ஒன்று போடுவதா இரண்டு போடுவதா என்று ஒரு பஞ்சாயத்தே நடந்தது. "எதுக்கு வம்பு" என்று இரண்டாகவே போட்டார். அவ்வளவு நேர்மையான மனுஷர். எல்லோரும் அவரை லென்ஸ்காரர் என்றார்கள்.

அப்படிப்பட்டவர்தான் அந்தக் காசை விற்கும்போது ஒரு பொய் சொன்னார்.

விற்றது தராசுக்காரரிடம். சந்துக்குள் மாடிப்படி ஏறிப் போனால் அவருடைய கடை. பழைய காசு, பிழைக் காசு, தபால்தலை எல்லாம் வாங்கி விற்பார். தேடுகிறவர்களுக்காக மாதம் ஒருமுறை நாலு பக்கத்தில் ஒரு பத்திரிகையும் அச்சடிப்பார்.

"எங்கண்ணே கிடைச்சுது?"

"பதினாலாம் நம்பர் பஸ் பையில."

தராசுக்காரர் முகம் சுளித்தார். "பஸ்ல வந்துச்சுன்னா ஊரே தொட்டதுன்னு அர்த்தம். பாதி விலைதான் போகும். நாணயச்சாலைக்குள்ளேயிருந்து நேரா உங்க கைக்கு வந்துச்சுன்னு ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. மூணு பங்கு தர்றேன். யாருக்கு என்ன நஷ்டம் இதுல?"

லென்ஸ்காரர் கொஞ்ச நேரம் யோசித்தார். வாடகை வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லி நெருக்கிக்கொண்டிருந்த சமயம் அது. யாருக்கு என்ன நஷ்டம் என்ற கேள்விக்கு அவருக்கும் பதில் தெரியவில்லை. எழுதிக் கொடுத்தார். அந்தப் பணம்தான் இரண்டு அறை வீட்டுக்கு முன்பணமாயிற்று. அந்த இரண்டு வரி பத்திரிகையில் கட்டம் கட்டி வந்தது.

இது நடந்து இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று. மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். லென்ஸ்காரர் ஓய்வு பெறுவதற்கு இன்னும் சில மாதங்களே இருந்தன.

ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது காசைக் கொண்டுவந்து விலை கேட்பார்கள். பெரும்பாலும் சுத்தியலால் அடிபட்டதாக இருக்கும், இல்லாவிட்டால் அமிலத்தில் ஊறியதாக இருக்கும். "இது நாணயச்சாலை பண்ணின தப்பில்லைங்க, பிறகு யாரோ பண்ணினது" என்று மனம் நோகாமல் சொல்லி, ஒரு டீயும் கொடுத்து அனுப்புவார். அப்படித்தான் ஒரு ஞாயிறு அந்த அம்மாள் வந்தார். அறுபது வயது இருக்கும். முந்தானையிலிருந்து ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை எடுத்தார்.

"இது எவ்வளவு போகும்னு மட்டும் சொல்லுங்கய்யா. அவருக்கு மருந்து வாங்கணும்."

லென்ஸ்காரர் வாங்கிப் பிரித்தார். ஒன்று. திருப்பினார். கப்பல். லென்ஸைக் கண்ணில் பொருத்தி மறுபடி பார்த்தார். வாழ்நாளில் இரண்டாவது தலைமாறி. சுற்றியிருந்த காகிதத்தில் நுணுக்கி எழுதியிருந்தது: ரயில்வே கேட் பழக்கடை, மீதிச் சில்லறையில், தேதி.

"இது எங்கம்மா கிடைச்சுது?"

"எங்க வீட்டுக்காரர் தேடிப் பிடிச்சது. இதே மாதிரி இன்னும் பத்து இருக்கு. அவர் கைக்குத் தெரியாம எடுத்துட்டு வந்தேன். அவர்தான் இதை அடிச்சவர்."

"அடிச்சவர்னா?"

"நாணயச்சாலைல மிஷினுக்கு அச்சுப் பொருத்தற வேலை பாத்தாருங்க. இதுனாலதான் வேலை போச்சு."

லென்ஸ்காரர் காசை மேஜையில் வைத்துவிட்டார். அதற்குமேல் அதைத் தொட அவருக்குக் கை வரவில்லை. "மத்ததையும் பாத்தாத்தான் விலை சொல்ல முடியும்" என்றார். அது உண்மையில்லை. அந்த மனிதரைப் பார்க்காமல் இருக்க அவரால் முடியவில்லை.

மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. ஜன்னலோரம் கட்டில், கட்டிலின்மேல் ஒரு தட்டு, தட்டு நிறையச் சில்லறை. மெலிந்து சருகாகிப்போன ஒருவர் சாய்ந்து உட்கார்ந்து, காசை ஒவ்வொன்றாக எடுத்து இரண்டு பக்கமும் கட்டைவிரலால் தடவி, மறுபக்கம் போட்டுக்கொண்டிருந்தார். கண்ணில் பார்வை இல்லை. விரல் மட்டும் வேலையை மறக்கவில்லை.

"என் சித்தி பையனோட ஆபீஸ்ல வேலை பாக்கறவர், உங்களைப் பாக்க வந்திருக்கார்" என்றார் அம்மாள்.

"கையைக் கொடுங்க தம்பி" என்று வாங்கிய அச்சுக்காரர், அந்தக் கையை மூக்கருகே கொண்டுபோனார். "ஆபீஸா? இது காசு வாசனை. நாள் பூரா காசுல கையை வெச்சிருக்கிற ஆளு. என்னமோ விலை பேசத்தான் கூட்டிட்டு வந்திருக்கா. பொய் சொல்லக்கூட ஒழுங்கா வரலை பாருங்க, நாப்பது வருஷமா என்கூட இருந்தும்."

"உங்ககூட இருந்ததாலதான் வரலை" என்றார் அம்மாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அச்சுக்காரர் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அடங்கியதும், யாரும் கேட்காமலேயே சொல்ல ஆரம்பித்தார்.

"அச்சை எண்ணெய்த் துணியில சுத்தி அலமாரியில வெச்சிருப்போம். துணியைப் பிரிச்சு, முகத்தைப் பாத்துதான் மிஷின்ல பொருத்தணும். மேல் தட்டுன்னா கதிர், கீழ்த் தட்டுன்னா கப்பல். பதினொரு வருஷமா அப்படித்தான். அன்னைக்கு மிஷின் நின்னுபோயி எல்லாரும் கத்திட்டிருந்தாங்க. மேல் தட்டுல இருந்ததை எடுத்தேன், முகத்தைப் பாக்காமலே துணியை உருவி மாட்டினேன். முந்தின ஷிப்ட்டுக்காரர் கப்பலை மேல வெச்சுட்டுப் போயிருக்கார்."

"அவர் பேரைச் சொன்னீங்களா?"

"எதுக்கு? முகத்தைப் பாக்காதது நான்தானே."

ஆறு நிமிஷத்துக்குப் பிறகு யாரோ பார்த்து மிஷினை நிறுத்தினார்கள். மிஷினில் இருந்த எண்ணும் கருவி அறுநூற்று நாற்பது என்றது. தட்டில் அள்ளியது அறுநூற்று இருபத்தெட்டு. அவற்றை உருக்கிவிட்டார்கள். மீதிப் பன்னிரண்டு எங்கே என்று விசாரணை வந்தது. மிஷினுக்கு அடியிலுள்ள பள்ளத்தில் தங்கியிருந்து அடுத்த சரக்கோடு மூட்டைக்குள் போயிருக்கும் என்று அச்சுக்காரர் சொன்னார். பையில் போட்டுக்கொண்டு போய் விற்றிருப்பாய் என்றார்கள் மற்றவர்கள்.

"அப்பக்கூட சந்தேகம்தான் இருந்துச்சு தம்பி. முடிவு பண்ணலை. மேலதிகாரி நல்லவர், இழுத்தடிச்சுப் பாத்தார். அப்புறம் ஒரு பத்திரிகையில வந்துச்சு. உள்ளேயிருந்து நேரா என் கைக்கு வந்ததுன்னு எவனோ கையெழுத்தே போட்டிருந்தான். அதை மேஜைமேல வெச்சாங்க. அதுக்கப்புறம் பேச என்ன இருக்கு? வேலை போச்சு, பென்ஷன் போச்சு. தெருவுல என் பேர் திருடன்னு ஆயிடுச்சு."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் லென்ஸ்காரருக்குத் தாங்கிக்கொள்ள எளிதாக இருந்திருக்கும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகுதான் அச்சுக்காரர் தேட ஆரம்பித்திருக்கிறார். காசு உள்ளேயிருந்து திருடு போகவில்லை, மூட்டையில் வெளியே போய் ஊரில் பரவியது என்று காட்ட வேண்டும். அதனால் கடை கடையாக நோட்டைக் கொடுத்துச் சில்லறை வாங்கினார். கிடைத்த ஒவ்வொன்றையும், எந்தக் கடை, என்ன தேதி என்று எழுதி மடித்து, தலைமாட்டில் ஒரு தகர டப்பாவில் வைத்தார். இருபத்திரண்டு வருஷத்தில் பதினொன்று. கண் போன பிறகு, அம்மாள் கடைகளிலிருந்து கொண்டுவருவதை விரலால் தேடினார்.

"பன்னிரண்டையும் கொண்டுபோய் நீட்டினா, பாத்தியா திருடன்கிட்டயே இருக்குன்னு சொல்லமாட்டாங்களான்னு நான் எத்தனையோ தடவை கேட்டாச்சு" என்றார் அம்மாள்.

"திருடன் எங்கயாவது கொண்டுவந்து கொடுப்பானாடி?" என்றார் அவர். பிறகு லென்ஸ்காரர் பக்கம் திரும்பினார். "இவ விக்கச் சொல்றா. மருந்து செலவு, அவ மேல தப்பில்லை. ஆனா இது என்னோடது இல்லையே தம்பி. காசு சர்க்காரோடது. தப்பு மட்டும்தான் என்னோடது. அதை எப்படி விக்கிறது?"

அச்சுக்காரர் தட்டிலிருந்து அடுத்த காசை எடுத்துத் தடவினார்.

"நீங்க எங்க காசு எண்றீங்க?"

"பஸ் பணிமனைல."

"அப்ப ஊர்க் காசெல்லாம் உங்க கைவழியாத்தான் போகும். ஒன்னுதான் பாக்கி. எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

அந்த நேரம் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். கடவுள் ஒரு மனிதனுக்கு வாசலைத் திறந்துவைத்துக் காத்திருப்பது இப்படிப்பட்ட நேரத்தில்தான். லென்ஸ்காரர் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தார்.

"இல்லைங்க" என்றார். "பாத்ததில்லை."

போகும்போது மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு போனார். ஒரு மாத மருந்தை வாங்கிவந்து, அம்மாளிடம் படியிலேயே கொடுத்து, அவர் காட்டக் கொண்டுவந்த தலைமாறியையும் திருப்பிக் கொடுத்தார். அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டார். லென்ஸ்காரருக்கு மனசு கொஞ்சம் சமாதானமாயிற்று. அந்தச் சமாதானம்தான் ஒன்பது நாளைத் தின்றது.

நாளைக்குப் போய்ச் சொல்லலாம் என்று எழுந்திருப்பார். வேலைக்குப் போவார். பேருந்துப் பைகளைக் கவிழ்ப்பார். சாயங்காலம் உடம்பு அசதி என்று வந்து படுத்துக்கொள்வார். பிரார்த்தனைக்குக் கண்ணை மூடினால், அச்சுக்காரர் தன் கையை மூக்கருகே வைத்து முகர்ந்ததுதான் நினைவுக்கு வந்தது. ஒன்பதாம் நாள் காலை, அலமாரியிலிருந்து ஆல்பங்களை எடுத்துத் துணிப்பையில் அடுக்கினார். முப்பது வருஷத்துச் சேகரிப்பு, முந்நூற்று நாற்பது காசு.

மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்தார். "கட்டின பொண்டாட்டியைப் பாத்ததைவிட அதைத்தான் அதிகமாப் பாத்திருக்கீங்க. இப்ப அதையே வெளிய அனுப்பறீங்க. அடுத்து நானா?"

லென்ஸ்காரர் சிரிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். மனைவி கேட்டு முடித்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்தபடி அறையைச் சுற்றிப் பார்த்தார். அவர் என்ன பார்க்கிறார் என்று லென்ஸ்காரருக்குத் தெரிந்தது.

"இந்த வீட்டுக்குள்ள இத்தனை வருஷம் நிம்மதியாத் தூங்கிட்டேனே" என்றார் மனைவி. பிறகு துணிப்பையின் வாயை இழுத்துக் கட்டி, "வயசு காலத்துக்கு வித்துக்கலாம்னு வெச்சிருந்தது. பரவாயில்லை. ஒன்னையும் எடுத்து வெச்சுக்காதீங்க. முழுசாக் கொடுத்துட்டு வாங்க" என்றார்.

தராசுக்காரர் அந்தத் தலைமாறியை யாருக்கும் விற்கவில்லை. கண்ணாடிப் பெட்டியில் வைத்து, கடைக்கு வருகிறவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். லென்ஸ்காரர் போய் அதைத் திருப்பிக் கேட்டார்.

"அது கடையோட கண்ணுண்ணே. அதைக் கேக்கலாமா?"

லென்ஸ்காரர் பையைக் கவிழ்த்தார். தராசுக்காரர் ஒவ்வொரு ஆல்பமாகப் புரட்டினார். முதலில் விளையாட்டாக, பிறகு மூச்சுவிடாமல்.

"அண்ணே, உங்களுக்குப் பித்து கித்துப் பிடிச்சிருச்சா? இதுல பாதியே போதும்."

"பாதி வேண்டாம். எல்லாத்தையும் எடுத்துக்க. அந்தப் பத்திரிகையோட பழைய பிரதி ஒன்னும் கொடு."

"எதுக்கு?"

"நான் எழுதினதை நான் பாக்கணும்."

தராசுக்காரர் எதையோ கிண்டலாகச் சொல்ல வாயெடுத்தவர், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். பேசி முடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. துணிய மட்டும்தான் அவருக்கு ஒன்பது நாள் ஆயிற்று.

அங்கேயே படியில் உட்கார்ந்து ஒரே விஷயத்தை இரண்டு தாளில் எழுதினார். இந்தக் காசு பேருந்துப் பணிமனையில், பதினாலாம் எண் பேருந்தின் பையில், இன்ன மாதம் கிடைத்தது. நாணயச்சாலையிலிருந்து யாரும் எனக்குத் தரவில்லை. தந்ததாக நான் கையெழுத்திட்டது விலைக்காகச் சொன்ன பொய். எங்கு கூப்பிட்டாலும் வந்து சொல்வேன். கீழே பெயர், வேலை, வீட்டு முகவரி. ஒன்றைப் பத்திரிகைப் பிரதியோடு நாணயச்சாலைக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார். மற்றதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மூன்றாவது மாடிக்கு ஏறினார்.

படியேறும்போதே, சொல்ல வேண்டியதை முணுமுணுத்துப் பழகிக்கொண்டார். ஐயா, உங்க விரலுக்கு ஒரு காசு கொண்டுவந்திருக்கேன். அதுக்கப்புறம் நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்.

கதவு திறந்திருந்தது. கட்டிலில் மெத்தை சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அறையில் நாலைந்து நாற்காலிகள் கலைந்து கிடந்தன.

"முந்தாநாள் விடிகாலைல" என்றார் அம்மாள். அழுது ஓய்ந்த குரல். "தூக்கத்திலேயே. நீங்க கொடுத்த மருந்து இன்னும் முக்காவாசி இருக்கு. உங்களுக்குச் சொல்லி அனுப்ப ஆள் கிடைக்கலை."

லென்ஸ்காரர் ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"அதுக்கு முதல் நாள்கூட உங்களைக் கேட்டாருங்க. அந்தத் தம்பி நல்ல மாதிரி, அவர் கையில என்னைக்காவது சிக்கும், சிக்கினா கொண்டுவந்து கொடுத்துடுவார்னு சொன்னார்."

லென்ஸ்காரர் சட்டைப் பையின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"நேத்து என்னை அறியாம கடையில நோட்டை மாத்திச் சில்லறை வாங்கிட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்து தட்டுல கொட்டின பிறகுதான் ஆள் இல்லைன்னு உறைச்சுது." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உட்காருங்கய்யா. கீழ் வீட்டுல வாங்கின நாற்காலியைக் கொண்டுபோய்க் கொடுத்துட்டு, அப்படியே டீக்குப் பால் வாங்கிட்டு வந்துடறேன்."

"நான் தூக்கிட்டு வர்றேம்மா."

"இல்லைங்க. சும்மா உக்காந்திருந்தாத்தான் எனக்குக் கஷ்டம்."

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவர் இறங்கிப் போனார். காலடிச் சத்தம் ஒவ்வொரு மாடியாகத் தேய்ந்தது.

சுருட்டிய மெத்தையின் மேல் தலையணை. தலையணையின் மேல் அந்தத் தகர டப்பா. லென்ஸ்காரர் கட்டிலுக்கு முன்னால் தரையில் மண்டியிட்டார். இருபத்திரண்டு வருஷம் ஒருவர் தலைமாட்டில் இருந்த பொருளை நின்றுகொண்டு தொட அவருக்கு மனம் வரவில்லை. திறந்தார். பதினொரு பொட்டலங்கள், ஒரே அளவில், ஒரே மடிப்பில். பழையவை மஞ்சளாகியிருந்தன. கடைசி இரண்டில் எழுத்து அம்மாளுடையது.

சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து அதன் நடுவில் காசை வைத்தார். முதல் தடவை மடித்தது கோணலாக வந்தது. பிரித்து, மற்றவற்றைப் பார்த்துப் பார்த்து, அச்சுக்காரர் மடித்த மாதிரியே மடித்தார். தாள் பெரியது, பொட்டலம் கொஞ்சம் தடிமனாகத்தான் வந்தது. பிரித்துப் படிக்கிறபோது அம்மாள் தன்னைத் தேடி வந்து என்ன கேட்டாலும் கேட்கட்டும். வாசற்கதவைத் திறந்தே வைத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். தபாலில் அனுப்பிய தாளால் பென்ஷன் வருமா, நாணயச்சாலையில் யாராவது அதைப் பிரித்துப் படிப்பார்களா என்பது அவருக்குத் தெரியாது. அது கடவுள் பொறுப்பு. தன் பொறுப்பு இந்த ஒரு பொட்டலம்.

பதினொன்றுக்கும் பக்கத்தில் அதை வைத்தார். வாய்க்குள் ஏதோ சொன்னார். மன்னிப்பா பிரார்த்தனையா என்று அவருக்கே பிரித்துத் தெரியவில்லை. மூடி கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. இரண்டு உள்ளங்கைகளாலும் மெதுவாக அழுத்தி மூடி, டப்பாவை முன்பு இருந்த இடத்திலேயே வைத்தார். தலையணை லேசாக அமுங்கிற்று. கீழே, தெருவில், ஒரு பேருந்து நின்று புறப்பட்டது.